பிந்தினால், பிந்தியது என்று எழுதித் தாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

என் மனைவியின் கிளினிக் கொப்பிக்குள், மருந்துத் துண்டுகளுக்கு நடுவே, நாலாக மடித்த ஒரு காகிதம் இருக்கிறது. பழைய படிவம் ஒன்றின் பின்பக்கம். நீல மையில் சிங்களத்தில் இரண்டு வரி, தமிழில் ஒரு வரி, கீழே ஒரு கையெழுத்து, ஒரு முத்திரை. இன்ன திகதியில் இன்ன ரயில் நாலு மணித்தியாலம் பத்து நிமிடம் பிந்தி வந்து சேர்ந்தது, அவ்வளவுதான் விஷயம். அந்தத் துண்டைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அது கையில் இல்லாமல் போன நாளைச் சொல்கிறேன். மனைவிக்கு இருதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடுவதில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கொழும்பில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளினிக் போகவேண்டும். நாங்கள் இருப்பது முல்லைத்தீவு மாவட்டத்தில், பிரதான வீதியிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி. பின்னேர பஸ்ஸில் ஏ-9 வீதிக்கு வந்து, இரவு ரயிலைப் பிடித்தால் விடியக் கொழும்பு. முகம் கழுவி, ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டு வரிசையில் நின்றால் ஏழரைக்குள் நம்பர் கிடைத்துவிடும். நேரசூசி போட்டவர் வீட்டிலும் ஒரு கிளினிக் நோயாளி இருந்திருப்பாரோ என்று நினைக்க வைக்கும் ரயில். நேரத்துக்கு ஓடினால்.

அன்று ஓடவில்லை. ஐப்பசி மழை. பிளாட்போமில் நாற்பது பேர் இருந்திருப்போம். பதினொரு மணிக்குக் கேட்டபோது "இப்ப வரும்" என்றார்கள். பன்னிரண்டரைக்கும் "இப்ப வரும்". இரண்டு மணிக்குக் கேட்கவே வெட்கமாக இருந்தது. ஊருக்குத் திரும்பிப் போகவும் வழியில்லை. உள்ளூருக்கு அந்த நேரம் பஸ் ஏது? கோழி கூவும் நேரத்தில் கோச்சி வந்தது. கொழும்பில் இறங்கி, ஓட்டோ பிடித்து, ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தபோது பத்து மணி தாண்டிவிட்டது. கவுண்டரில் இருந்த பிள்ளை கொப்பியை வாங்கிப் பார்த்துவிட்டு, "ரயில் லேட் என்று எல்லாரும்தான் சொல்கிறார்கள் ஐயா" என்றார். இரண்டு மாதம் தள்ளிப் புதிய திகதி போட்டுத் தந்தார். அவரில் நான் குற்றம் காணவில்லை. எனக்கு என்ன ஆதாரம் இருந்தது? ரிக்கற்றைக்கூட நிலைய வாயிலில் வாங்கிக்கொண்டுவிட்டார்களே!

எந்த நிலையம், எந்த ரயில், எந்த ஆஸ்பத்திரி என்று நான் எழுதவில்லை. யாரையும் மாட்டிவிடுவது என் நோக்கமில்லை. எல்லா இடத்திலும் நடப்பது ஒருநாள் எனக்கும் நடந்தது.

திரும்பி வரும் வழி முழுக்க யோசித்துக்கொண்டே வந்தேன். நான் தபால் கந்தோரில் முப்பத்தோராண்டு வேலை செய்தவன். கடைசிப் பதினாறு ஆண்டு உப தபாலதிபர். எங்கள் தொழிலில் ஒரு நல்ல பழக்கம் உண்டு. கடிதம் புறப்படும் கந்தோரில் முன்பக்கம் ஒரு முத்திரை, போய்ச் சேரும் கந்தோரில் பின்பக்கம் ஒரு முத்திரை. போர்க்காலத்தில் வன்னிக்கு வந்த கடிதங்கள் வாரக்கணக்கில், சில மாதக்கணக்கில் பிந்தி வந்தன. பிந்தியதை நாங்கள் தடுக்க முடியவில்லை. ஆனால் வந்த திகதியைப் பின்பக்கத்தில் குத்தினோம். நேர்முகப் பரீட்சைக்கு அழைத்த கடிதம் பரீட்சை முடிந்து மூன்று கிழமைக்குப் பிறகு வந்தால், அந்த உறையைக் கொண்டுபோய்க் காட்டி இன்னொரு திகதி வாங்கிய பிள்ளைகள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். கடிதத்துக்கு இந்த நியாயம் கிடைக்கும்போது மனிதருக்கு ஏன் கிடைக்கக் கூடாது என்பதுதான் என் கேள்வி.

அடுத்த முறை போனபோதும் ரயில் பிந்தியது. நாலு மணித்தியாலம் பத்து நிமிடம். இந்த முறை நான் வாயிலை நோக்கிப் போகவில்லை. மனைவியை வாங்கில் இருத்திவிட்டு, ரிக்கற்றையும் கிளினிக் கொப்பியையும் எடுத்துக்கொண்டு நிலைய அலுவலகத்துக்குப் போனேன். உள்ளே ஒரு இளைஞர், இரவு முழுக்கக் கண்விழித்த முகம். எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில், பிந்தி வந்ததை எழுதித் தரும்படி கேட்டேன். இதற்குப் படிவம் இல்லையே என்றார். "படிவம் வேண்டாம் மகன், நேரத்தை மட்டும் எழுதுங்கள்" என்றேன். கொப்பியில் இருந்த திகதியைப் பார்த்தார். வெளியே இருந்த மனைவியைப் பார்த்தார். பிறகு ஒரு பழைய தாளை எடுத்து எழுதினார். தமிழிலும் ஒரு வரி எழுதட்டுமா என்று அவரே கேட்டார், எழுத்துக் கூட்டி எழுதினார். "பிந்தியது" என்பதில் ஒரு பிழை இருக்கிறது. அந்தப் பிழையை நான் தங்கம் போல வைத்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரிக் கவுண்டரில் துண்டை நீட்டினேன். படித்தாரோ என்னவோ, முத்திரையைப் பார்த்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. நம்பர் 93. நம் நாட்டில் முத்திரைக்கு இருக்கும் மரியாதை மனிதர் வாய்க்கு இல்லை. அது சரியா பிழையா என்பது வேறு கதை. இருக்கும் உலகத்தில்தானே கிளினிக் போகவேண்டும்.

வன்னிச் சனம் இதையெல்லாம் ஏன் கேட்பதில்லை என்று யோசித்தால் எனக்கு ஒரே பதில்தான் வருகிறது. நாங்கள் ரயிலைக் கண்டதையே பெரிய காரியமாக நினைக்கிறவர்கள். 1956 இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவியில் பள்ளிச் சுற்றுலா போன தலைமுறை நான். 1990 ஆனியோடு எல்லாம் நின்றது. அப்புறம் வவுனியாதான் கடைசி நிலையம். அதற்கு வடக்கே தண்டவாளமும் இல்லை, சிலிப்பர் கட்டையும் இல்லை, பங்கர்களுக்குள் போய்விட்டன. பற்றைக்குள் மறைந்த பாதையில் மாடு மேய்த்த பிள்ளைகளுக்கு அது ரயில் பாதை என்றே தெரியாது. 2013 புரட்டாதி 14 ஆம் திகதி கிளிநொச்சிக்கு மீண்டும் ரயில் வந்தது. அடுத்த வருடம் பங்குனியில் பளைக்கு, ஐப்பசியில் யாழ்ப்பாணத்துக்கு. அந்த நாட்களில் கோச்சிச் சத்தம் கேட்டால் சமையலை விட்டுவிட்டு ஓடிப்போய்க் கைகாட்டிய கிழவிகளை நான் கண்டிருக்கிறேன். இருபத்துமூன்று வருடம் காத்திருந்தவர்களுக்கு மூன்று மணித்தியாலம் ஒரு பிந்தலா? "வந்ததே போதும்" என்ற அந்த மனசு நல்ல மனசுதான். ஆனால் பத்து வருடம் தாண்டிவிட்டது. வந்ததற்கு நன்றி சொல்லி முடித்துவிட்டோம். இனிப் பயணிகளாக நடந்துகொள்ளலாம்.

பிந்துவதற்குக் காரணங்கள் உண்டு, அதையும் சொல்லவேண்டும். மாகோச் சந்திக்கு வடக்கே, எங்கள் பக்கம் முழுக்க ஒற்றைத் தண்டவாளம். எதிரே வருகிற ரயில் பிந்தினால், நம்முடையது ஏதாவது ஒரு நிலையத்தில் ஒதுங்கி நின்று அதற்கு வழிவிட வேண்டும். ஒன்றின் பிந்தல் மற்றதையும் பிடித்துக்கொள்ளும், தொற்றுநோய் மாதிரி. காட்டுக்குள் யானை. மட்டக்களப்புப் பாதையில் 2025 மாசியில் ஒரு ரயில் யானைக் கூட்டத்தில் மோதி ஆறு யானைகள் செத்தன. எங்கள் பக்கம் இரவில் சாரதி வேகத்தைக் குறைத்தால் நான் குறை சொல்லமாட்டேன். 2025 கார்த்திகைக் கடைசியில் டித்வா புயல் நாட்டின் பல பாதைகளில் தண்டவாளத்துக்குக் கீழிருந்த மண்ணையே அள்ளிக்கொண்டு போனது. அதற்கு யாரிடம் போய்க் கேட்பது?

ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். 2023 தையிலிருந்து ஆடி வரை அநுராதபுரத்துக்கும் ஓமந்தைக்கும் இடையே பாதை திருத்தம் என்று ரயிலை முழுதாக நிறுத்தினார்கள். அடுத்த வருடம் மாகோவுக்கும் அநுராதபுரத்துக்கும் இடையே. மாதக்கணக்கில் ரயில் இல்லை. எங்களுக்குக் கஷ்டம்தான், ஆனால் யாரும் நடுராத்திரியில் பிளாட்போமில் கிடக்கவில்லை. முன்கூட்டியே சொன்னார்கள், நாங்கள் பஸ்ஸுக்கு மாறினோம். அறிவித்து ஆறு மாதம் நிறுத்தியது எங்களை வதைக்கவில்லை. அறிவிக்காத மூன்று மணித்தியாலம்தான் வதைத்தது.

சரி, பயணி என்ன செய்யலாம்? நான் அடிபட்டுக் கற்றதைச் சொல்கிறேன்.

வீட்டைவிட்டுப் புறப்படமுன் 1971 என்ற ரயில் தகவல் இலக்கத்துக்கு ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். ஓடுகிறதா, ரத்தா என்பதாவது தெரியும். ஏறப்போகும் நிலையத்துக்கும் எடுங்கள். அங்கே "எப்ப வரும்?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு உலகத்தில் ஒரே பதில்தான் உண்டு, இப்ப வரும். "கடைசியாக எந்த ஸ்டேஷனைத் தாண்டியது?" என்று கேளுங்கள். அடுத்த நிலையத்தோடு கதைக்காமல் ஒற்றைப் பாதையில் ஒரு ரயிலை விடமுடியாது. ஆகவே அது எங்கே நிற்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். யாழ்ப்பாணத்திலிருந்தே இன்னும் வெளிக்கிடவில்லை என்றால், போர்வையை இழுத்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் படுக்கலாம். பளை தாண்டிவிட்டது என்றால் ஓட்டோவை வரச்சொல்லலாம். வடக்கே திரும்பி வருகிறவர்கள் அநுராதபுரம், மதவாச்சி என்று கேட்கவேண்டும். வருவது எப்போது என்று சொல்வது ஊகம். எங்கே நிற்கிறது என்பது செய்தி. இந்த ஒரு கேள்வியை மாற்றியதிலிருந்து எனக்கு நித்திரை கூடியிருக்கிறது.

எங்கள் பகுதியில் இப்போது ஒரு வாட்ஸ்அப் குழுவும் இருக்கிறது. மருந்துக்கடையில் வேலை செய்யும் ஒரு தம்பி தொடங்கியது. ரயிலுக்குள் இருக்கிறவர்கள் "ஓமந்தையில் நிற்கிறோம்", "புளியங்குளம் விட்டாச்சு" என்று போட்டுக்கொண்டே வருவார்கள். நடுவே காலை வணக்கப் பூக்களும் பிள்ளையார் படங்களும் வந்து குவியும். அதையும் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

அடுத்தது, காத்திருப்பதா, வீதிக்குப் போவதா? இதை முதலிலேயே தீர்மானித்து வைத்துக்கொள்ள வேண்டும். பகல் நேரம் என்றால் ஏ-9 இல் பஸ் பிடிக்கலாம். யாழ்ப்பாணத்திலிருந்து வரும் பஸ் நிறைந்து வந்தாலும் முறிகண்டியில் கச்சான் வாங்க நிறுத்தும்போது ஒரு இடமாவது விழும். இரவு என்றால் வேறு கணக்கு. வயதானவரோடும் நோயாளியோடும் போகிறவர்கள் ஒரு நேர எல்லையை மனசுக்குள் குறித்து, அதற்குமேல் ஒரு நிமிடமும் காக்கக் கூடாது. நாங்கள் இருவரும் வைத்திருக்கும் எல்லை பதினொன்றரை. அதற்குள் ரயில் பக்கத்து நிலையத்துக்காவது வராவிட்டால், வவுனியாவுக்குப் போய் அங்கிருந்து பஸ். முதலில் நம்பிக்கையில் இருந்து, பிறகு கோபத்தில் இருந்து, கடைசியில் இரண்டும் இல்லாமல் விடியும்வரை இருந்த அனுபவம் எனக்குப் போதும்.

பாதி வழியில் காட்டுக்குள் ரயில் நின்றுவிட்டால் இறங்கி நடக்காதீர்கள். இருட்டு, யானை, அடுத்த ரயில், மூன்றும் உண்டு. கார்ட் கடைசிப் பெட்டிப் பக்கம் இருப்பார். பெட்டிக்கு ஒருவர் போய்க் கேட்டு வந்து மற்றவர்களுக்குச் சொன்னால் போதும், நாற்பது பேர் போய் அவரைச் சூழத் தேவையில்லை. மருந்து குடிக்கிறவர்கள் ஒரு நாளைக்கு மேலதிகமாக எடுத்துப் போகவேண்டும். மனைவியின் கைப்பையில் இப்போது இரண்டு நாள் குளிசையும் ஒரு பக்கற் மலிபன் பிஸ்கற்றும் நிரந்தரவாசிகள்.

ரிக்கற் விஷயம் முக்கியம், அதனால் திரும்பவும் சொல்கிறேன். இறங்கும் நிலையத்தில் அதை வாங்கிக்கொள்வார்கள். வாங்கியபிறகு நாம் அந்த ரயிலில் வந்தோம் என்பதற்கே சாட்சி இல்லை. ஏறும்போதே போனில் அதை ஒரு படம் எடுங்கள், இரண்டு பக்கமும். ரயில் வந்து நிற்கும்போது நிலையத்து மணிக்கூட்டையும் பெயர்ப்பலகையையும் ஒரே படத்துக்குள் வரும்படி எடுங்கள். இலவசம். ரயிலே ரத்தானால், ரிக்கற்றை யாரிடமும் கொடுத்துவிட்டு வரவேண்டாம். வாங்கிய கவுண்டரிலேயே, அன்றைக்கே பணத்தைக் கேளுங்கள். ஆசனம் பதிவு செய்தவர்கள் பற்றுச்சீட்டைக் கிழிக்காதீர்கள். பெரிய தடங்கல்களின்போது பதிவுப் பணத்தைத் திருப்பித் தருவதாக அறிவித்த சந்தர்ப்பங்கள் உண்டு, ஆனால் அறிவிப்பு வரும்போது பற்றுச்சீட்டு குப்பையில் கிடந்தால் பயனில்லை. வேலைநிறுத்த நாட்களில் ரயில் சீசன் ரிக்கற்றைக் காட்டி இ.போ.ச. (அரச) பஸ்ஸில் போகலாம் என்றும் முன்பு அறிவித்திருக்கிறார்கள். வவுனியாவுக்கும் அநுராதபுரத்துக்கும் தினமும் வேலைக்குப் போய்வருகிறவர்கள் அதைக் கேட்டுப் பார்க்கவேண்டும். கேட்காதவருக்கு நடத்துனர் தானாக வந்து சொல்லப்போவதில்லை.

வேலைக்கோ நேர்முகத்துக்கோ கிளினிக்குக்கோ போகிறவர்கள், பிந்தும் என்று தெரிந்த உடனேயே அங்கே ஒரு போன் எடுத்துச் சொல்லிவிட வேண்டும். ஒன்பது மணிக்கு முதல் சொன்னால் தகவல், பதினொரு மணிக்குச் சொன்னால் சாட்டு. பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒருத்தி வேலை நேர்முகத்துக்குப் போகும்போது ரயில் நடுவழியில் நின்றுவிட்டது. அவள் பதறி அழாமல், ரிக்கற்றின் படத்தையும் தான் நிற்கும் நிலையத்தின் பலகையையும் அந்த அலுவலகத்துக்கு அனுப்பினாள். பின்னேரம் மூன்று மணிக்கு வரச்சொன்னார்கள். கெட்டிக்காரி, எனக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டாள்.

இன்னொரு விஷயம், மொழி. யாழ்தேவி ஓடத் தொடங்கிய அதே 1956 இல்தான் தனிச்சிங்களச் சட்டமும் வந்தது. 1987 இல் பதின்மூன்றாவது திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியானது. அப்படியிருந்தும் பிந்தல் அறிவிப்பு ஒலிபெருக்கியில் ஒரு மொழியில் மட்டும் வரும் நேரங்கள் உண்டு. வழக்கமான அறிவிப்பு மூன்று மொழியிலும் பதிவாகி இருக்கிறது, அழகாக வரும். அவசரம் என்று வந்தால்தான் தமிழ் காணாமல் போகிறது. எல்லாரும் திடீரென்று எழுந்து அடுத்த மேடைக்கு ஓடுவார்கள், நம் ஆட்கள் பொதியோடு முழிப்பார்கள். அப்படி நடந்தால் வெட்கப்படாமல் அலுவலகத்துக்குப் போய்த் தமிழில் கேளுங்கள். திகதியையும் நேரத்தையும் குறித்து அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு ஒரு கடிதம் போடுங்கள், தமிழிலேயே.

வெளிநாட்டில் எப்படி என்று இளையவர்கள் கேட்பார்கள். லண்டனில் இருக்கும் என் தங்கையின் மகள் வேலைக்கு ரயிலில்தான் போகிறாள். அரை மணித்தியாலம் பிந்தினால் ஒருவழிக் கட்டணத்தில் பாதி திரும்புமாம், ஒரு மணித்தியாலம் என்றால் முழுதும். சில கம்பனிகளில் கால் மணித்தியாலத்துக்கே கால்வாசி. 28 நாளுக்குள் ரிக்கற்றின் படத்தோடு விண்ணப்பிக்க வேண்டும். "மாமா, நான் போன மாதம் பிந்திய காசில் ஒரு சப்பாத்து வாங்கினேன்" என்றாள். நான் நம்பவில்லை, வங்கிக் குறுஞ்செய்தியைக் காட்டினாள். இந்தியாவில் ரயில் மூன்று மணித்தியாலத்துக்கு மேல் பிந்தி, நாம் பயணத்தைக் கைவிட்டால், ரயில் வெளிக்கிட முதல் விண்ணப்பித்து முழுப் பணத்தையும் கேட்கலாம். 2021 இல் அங்கே உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புக் கொடுத்தது. ஒரு குடும்பம் ஜம்முவுக்கு நாலு மணித்தியாலம் பிந்திப் போய்ச் சேர்ந்து, சிறீநகர் விமானத்தைத் தவறவிட்டது. டாக்சிக்கு 15,000 ரூபா, முன்பதிவுச் செலவுக்கு 10,000, மன உளைச்சலுக்கு 5,000 கொடுக்கச் சொன்ன கீழ் மன்றங்களின் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் அப்படியே ஏற்றது. பிந்தியதற்குச் சரியான காரணம் இருந்தால் அதை நிரூபிக்க வேண்டியது ரயில்வேதான் என்றும் சொன்னது.

எனக்கு இவற்றிலெல்லாம் பிடித்தது யப்பான்காரரின் வழக்கம். அங்கே ரயில் ஐந்து நிமிடம் பிந்தினாலே ஒரு தாமதச் சான்றிதழ் கொடுப்பார்கள். கையளவு துண்டு. பிள்ளை பள்ளிக்கூடத்தில் கொடுக்கும், தகப்பன் கந்தோரில் கொடுப்பார். இப்போது இணையத்திலும் எடுக்கலாமாம். அதில் பணம் ஒன்றும் கிடையாது. நம் நாட்டுக்கு ஏற்றது இதுதான் என்பது என் அபிப்பிராயம். நட்டஈடு கொடுங்கள் என்று கேட்டால், திறைசேரியில் காசில்லை என்பார்கள், உண்மையாகவும் இருக்கும். நம்முடைய ரயில் கட்டணம் பஸ்ஸைவிட மலிவு, அதிலிருந்து என்னத்தைத் திருப்புவது? எழுத்துக்குக் காசு வேண்டாம். ஒரு தாள், ஒரு முத்திரை, அரை நிமிடம். அதற்கும் படிவம் இல்லை என்றால் படிவம் அச்சடிக்கலாம்.

அதைக் கேட்க ஒரு வழி கையில் இருக்கிறது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். எங்கள் நிலையத்துக்கு இந்த ரயில் கடந்த மூன்று மாதத்தில் ஒவ்வொரு நாளும் எத்தனை மணிக்கு வந்தது, பிந்திய நாட்களில் காரணம் என்ன என்று எந்தக் குடிமகனும் எழுதிக் கேட்கலாம். ஏன் கேட்கிறாய் என்று அவர்கள் கேட்க முடியாது. 14 வேலைநாளுக்குள் தருவதா இல்லையா என்று தீர்மானம் சொல்லவேண்டும். மறுத்தால் அதே நிறுவனத்தில் இதற்கென்று குறித்த அதிகாரியிடம் 14 நாளுக்குள் மேன்முறையீடு, அங்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. நான் என் விண்ணப்பத்தை எழுதி முடித்துவிட்டேன். மின்னஞ்சலில் அனுப்பு என்று மகன் சொல்கிறான். பதிவுத் தபாலில்தான் அனுப்புவேன். பழைய கட்சிப்பற்று.

ஒரே ஒரு கண்டிப்பு, நம் ஆட்களுக்கும். கவுண்டரில் இருக்கும் பிள்ளையைத் திட்டாதீர்கள். 2018 ஆவணியில் ஒரு திடீர் வேலைநிறுத்தம் நடந்தபோது கொழும்புக் கோட்டை நிலையத்தில் சனம் கொதித்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். கோபம் நியாயம். ஆனால் முன்னால் இருக்கிறவர் ரயிலைப் பிந்த வைத்தவரில்லை. நான் முப்பதாண்டு அந்தப் பக்கக் கதிரையில் இருந்தவன். சத்தம் போட்டவரின் முகம் எனக்கு ஞாபகமில்லை, வேலையும் முதலில் செய்துகொடுத்ததில்லை. அமைதியாக ஒரு தாளை நீட்டி "இதை எழுதித் தாங்கோ" என்றவரைத் தட்டிக்கழிக்க முடிந்ததில்லை.

மனைவிக்கு அடுத்த கிளினிக் வருகிற மாதம் மூன்றாம் கிழமை. இந்த முறை வெறுங்கையோடு போகப்போவதில்லை. அந்த இளைஞர் எழுதித் தந்ததை மாதிரியாக வைத்து, தமிழிலும் சிங்களத்திலும் ஒரு துண்டைத் தட்டச்சுச் செய்து இருபது பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். நிலையத்தில் இருப்பவர் இடைவெளியை நிரப்பி முத்திரை குத்தினால் போதும். சிங்களப் பகுதியை வவுனியாவில் ஒரு நண்பர் சரிபார்த்துத் தந்தார். தமிழ்ப் பகுதியைக் கீழே தருகிறேன். இடமிருந்தால் அப்படியே போடுங்கள், வேண்டியவர்கள் வெட்டி எடுத்துக்கொள்ளட்டும்.

"திகதி: ........ . ........ இலிருந்து ........ நோக்கிச் செல்லும் ........ இலக்க ரயில், இந்நிலையத்துக்கு ........ மணிக்கு வரவேண்டியது, ........ மணிக்கு வந்து சேர்ந்தது / இன்று ரத்துச் செய்யப்பட்டது. இதைக் கொண்டுவருபவர் இந்த ரயிலுக்கான பயணச்சீட்டு வைத்திருந்தார். நிலையம்: ........ . கையொப்பமும் முத்திரையும்: ........ ."

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உப தபாலதிபர்,
முல்லைத்தீவு மாவட்டம்.